லைட்டு எரிந்தால் போதும்

கம்பெனிக்காரன் சும்மா கொடுக்கிற பென்டிரைவைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கடை ஜெலுத்தோங் மார்க்கெட்டுக்குப் பின் வரிசையில் இருக்கிறது. பாஸ்போர்ட் படம், போட்டோஸ்டேட், லேமினேட், பிரிண்ட். காலையில் கதவைத் தூக்கியதும் யாராவது ஒருவர் பென்டிரைவோடு நிற்பார். மேலே ஏதாவது ஒரு கம்பெனியின் பெயர் பளபளக்கும். "அண்ணே, நாலு பக்கம் பிரிண்ட் அடிக்கணும்" என்பார். சொருகினால் திறக்காது. திறந்தால் ஃபைல் இருக்காது. ஃபைல் இருந்தால் உள்ளே எழுத்து இருக்காது. மூன்று மாத அசைன்மென்ட்டைத் தொலைத்துவிட்டு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுத காலேஜ் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். "உங்களுக்கு இதை யார் கொடுத்தது?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். எங்கேயோ போனோம், பையில் போட்டுக் கொடுத்தார்கள். அப்படி விட்டுவிட்டுப் போன பென்டிரைவுகள் என் மேசை லாச்சியில், அதாவது டிராயரில், பாதிக்குக் கிடக்கின்றன.

அவற்றில் பல என் பக்கத்துக் கடையிலிருந்து போனவை. பக்கத்துக் கடை முகம்மது சுல்தானுடையது. அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபம் முந்திக்கொண்டது.

சுல்தான் அண்ணனுக்கு அறுபத்தொரு வயது. ஜெலுத்தோங்கிலேயே பிறந்தவர். பாரம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஒரு சீனர் பட்டறையில் டீ சட்டைக்கு எழுத்து அச்சடிக்கப் போனார். பிறகு சொந்தமாகக் கடை போட்டார். குடை, குவளை, சாவிக் கொத்து, தண்ணீர் போத்தல் என்று எதைக் கொண்டுவந்தாலும் அதில் கம்பெனி பெயரைப் பதித்துக் கொடுப்பார். ஒரு காலத்தில் நாள்காட்டி நன்றாக ஓடியது, அப்புறம் பென்டிரைவு வந்தது. மனைவி ஷஹீரா இறந்து ஆறு வருஷமாகிறது. ஒரே மகள் காமாரியா, புருஷன் சாஹித்தோடு செபராங் ஜெயாவில் இருக்கிறாள். கடையில் இவரும் நோர்மாவும்தான். நோர்மா மலாய்க்காரப் பெண், பதினோரு வருஷமாக இவரோடு மாரடித்து நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள்.

அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்காரர் பதினாறு ஜிபி கேட்பார். ஆனால் அவர் கொடுக்க நினைப்பது ஒரு தட்டு மீ கோரேங் விலை. அந்த விலைக்கும் சரக்கு வரும். கம்ப்யூட்டரில் சொருகினால் பதினாறு ஜிபி என்றுதான் காட்டும். உள்ளே இருப்பது அதில் ஒரு துண்டுதான். பொய் சொல்லப் பழக்கித்தான் அனுப்புகிறார்கள். நீங்கள் போடுவதை எல்லாம் வாங்கிக்கொள்ளும், பெயரையும் அளவையும் காட்டும், இடம் தீர்ந்த பிறகு போட்டது எதையும் எழுதியிருக்காது.

இது சுல்தான் அண்ணனுக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். நானே பல தடவை அவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

"யாருலா தம்பி இதுல பதினாறு ஜிபி போடப் போறான்? வாங்குவான், மேல உள்ள பேரைப் பார்ப்பான், லாச்சியில தூக்கிப் போட்டுருவான். கொடுக்கிறவனுக்கும் தெரியும், வாங்குறவனுக்கும் தெரியும். நீ மட்டும் ஏன் குதிக்கிறே?"

அப்படித்தான் அவர் பேசுவார். சரக்கு வந்ததும் நோர்மா ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்ப்பாள். சின்ன நீல விளக்கு எரிந்தால் பாஸ், எரியாவிட்டால் ஒதுக்கிவிடுவாள். உள்ளே ஒரு ஃபைலைப் போட்டுப் பார்க்கிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. "லைட்டு எரியுதா? எரிஞ்சா போதும், பெட்டியில போடு!" என்கிற அவர் குரல் நடுச்சுவரைத் தாண்டி என் கடைக்குள் வந்து விழும். வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு எனக்கு அது மார்க்கெட் சத்தத்தோடு ஒன்றாகிவிட்டது.

ஒன்று மட்டும் அந்தக் கடையில் உண்மையானது. அது சாம்பிள். ஆர்டரைப் பிடிப்பதற்காக சப்ளையர் முதலில் ஒரே ஒரு நல்ல பென்டிரைவை அனுப்புவார். அதில் பொய் இருக்காது. கம்பெனிக்காரர் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஐந்நூறுக்குக் கையெழுத்துப் போடுவார். சாம்பிளின் முதுகில் ஒரு வட்டமான பச்சை ஸ்டிக்கரை ஒட்டி இரும்பு லாச்சியில் வைத்துவிடுவார்கள். சுல்தான் அண்ணன் தன் சொந்த வேலைக்கு எடுப்பதெல்லாம் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியதைத்தான்.

குரலைப் பற்றிச் சொன்னேன். அது சாதாரணக் குரல் இல்லை. அவர்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும் வலது காதில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொல்ல இவரைத்தான் கூப்பிடுவார்கள். தகப்பன்மாரே ஒதுங்கி நின்று பிள்ளையை இவர் கையில் கொடுத்துவிடுவார்கள். முப்பத்தேழு பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிக்கை வைத்திருந்தார். கடையில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிற மனுஷன், குழந்தையின் காதருகே எப்படி அவ்வளவு மெல்லப் பேசுவார் என்று ஷஹீரா அக்கா கேலி செய்வார்.

சொந்த மகளுக்கு மட்டும் ஒன்பது வருஷமாகக் குழந்தை இல்லை. பார்க்காத வைத்தியமில்லை. பத்தாவது வருஷம் காமாரியா உண்டானாள். சுல்தான் அண்ணன் என் கடைக்கு ஓடிவந்து, பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருந்த ஆளையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார். அந்த ஆள் யாரென்று இரண்டு பேருக்குமே தெரியாது.

அப்போதே அவருக்குத் தொண்டை கரகரத்துக்கொண்டிருந்தது. அச்சு மை வாடை என்றார், குளிர்பானம் என்றார். ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது விஷயம் வேறாக இருந்தது. குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஓர் ஓட்டை போட்டு அதன் வழியாகத்தான் மூச்சு விட வேண்டும், இனிமேல் பேச்சு வராது என்று டாக்டர் சொன்னார். அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். இரண்டு மாதம் தள்ளிப்போட முடியுமா? அதற்குள் மகளுக்குப் பிரசவமாகிவிடும். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் ஆப்ரேஷன்.

அன்று சாயங்காலம் அவர் என் கடையில் வந்து உட்கார்ந்தார்.

"ரெக்கார்டு பண்ணி வச்சிரலாம்னு இருக்கேன் தம்பி. பாங்கு சாஹித் சொல்லட்டும், அதுதான் முறை. மெஷின்ல போடுறது கணக்குல சேராது. ஆனா பிள்ளை என் கொரலைக் கேக்கணும்லா. ஒரு தடவையாச்சும் கேக்கணும்."

மறுநாளிலிருந்து தினமும் அஸர் தொழுகை முடிந்ததும் நோர்மாவை டீ வாங்க அனுப்பிவிட்டு, பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கைப்பேசியைக் குவளைப் பெட்டிகளின் மேல் நிறுத்தி வைத்துப் பேசுவார். பதினோரு நாள் பேசினார். கைப்பேசியில் இடம் போதாததால் அன்றன்றைக்குப் பதிந்ததைக் கடைக் கம்ப்யூட்டர் வழியாகப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு, கைப்பேசியில் இருப்பதை அழித்துவிடுவார்.

"அண்ணே, எனக்கும் ஒரு காப்பி கொடுங்க. என் கம்ப்யூட்டர்ல போட்டு வைக்கிறேன். ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்" என்றேன்.

"வேணாம் தம்பி." அவர் முகம் சிவந்தது. "அதுல ஷஹீரா விஷயமெல்லாம் காமாரியாகிட்டச் சொல்லியிருக்கேன். அவ அம்மா சொல்லச் சொன்னது, நான் இத்தனை நாளா சொல்லாம வச்சிருந்தது. மத்தவங்க கேக்கக்கூடாது."

"நான் கேக்க மாட்டேண்ணே."

"தெரியும்லா. ஆனாலும் வேணாம். இது என்ன கண்ட கண்ட சரக்கா? சாம்பிள்." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். முதுகில் பச்சை ஸ்டிக்கர். "பொண்ணா இருந்தா ஐனா, பையனா இருந்தா அஸ்லான். ரெண்டு பேரையும் சொல்லிக் கூப்பிட்டு வச்சிட்டேன்."

நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இன்றுவரை எனக்கு அது உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. கொடுக்காவிட்டால் கடையை விட்டு நகர மாட்டேன் என்று நின்றிருக்கலாம். அடுத்தவர் குடும்ப விஷயம் என்று மரியாதை பார்த்தேன்.

ஆறாம் நாள் அவர் பாங்கு சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டேன். குரல் உடைந்துதான் இருந்தது. இரண்டு இடத்தில் நின்று, மூச்சு வாங்கி, திரும்பத் தொடங்கினார். போட்டோஸ்டேட் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். எனக்கு அதன் அர்த்தம் முழுதாகத் தெரியாது, ஆனால் ஒரு குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வது போலவே சொன்னார்.

ஆப்ரேஷன் நடந்தது, அண்ணன் பிழைத்தார். பேச்சு போயிற்று. கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசுகிற கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் வருவது மனிதர் குரலே இல்லை. ஒரே ஒரு முறை வைத்துப் பேசிப் பார்த்துவிட்டு லாச்சியில் போட்டுவிட்டார். சின்ன நோட்டுப் புத்தகமும் பேனாவும்தான் அவர் வாயாக ஆயின. கழுத்தில் எப்போதும் ஒரு மெல்லிய துணி கட்டியிருப்பார்.

ஏழு வாரம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. சாஹித் பாங்கு சொன்னான். ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைக்கும் விருந்துக்குச் செபராங் ஜெயாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் கூடியதும் அண்ணன் சட்டைப் பையிலிருந்து பச்சை ஸ்டிக்கர் பென்டிரைவை எடுத்து மருமகனிடம் கொடுத்தார். சாஹித் அதைத் தொலைக்காட்சியில் சொருகினான். நீல விளக்கு எரிந்தது.

திரையில் வரிசையாகப் பெயர்கள் வந்தன. கடையின் கேட்லாக் படங்கள் ஏற்கெனவே அதில் இருந்தன. அவற்றுக்குக் கீழே பன்னிரண்டு பதிவுகள். முதலாவதை அழுத்தினான். பின்னறை, குவளைப் பெட்டிகள், கைப்பேசியைச் சரிசெய்கிற அண்ணனின் முகம் பக்கத்தில். கடைப்பக்கமாகத் திரும்பிக் கத்துகிறார். "லைட்டு எரியுதா? நோர்மா, லைட்டு எரியுதா? எரிஞ்சா போதும்லா, பெட்டியில போடு!" ஒன்பது விநாடிதான். நோர்மாவை டீ வாங்க அனுப்புவதற்கு முன்னால் சும்மா சோதித்துப் பார்க்க எடுத்தது. கூடமே சிரித்தது. காமாரியா சிரித்துக்கொண்டே அழுதாள். எத்தனை வாரத்துக்குப் பிறகு கேட்கிறாள்!

இரண்டாவதை அழுத்தினான். திரை கறுப்பாக இருந்தது. மூன்றாவதும் அப்படியே. கீழே வரை போய்விட்டு மேலே வந்தான். "டிவி பழசு, அதான்" என்று யாரோ சொன்னார்கள். மடிக்கணினி கொண்டுவந்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொருகினேன். பெயர் இருந்தது, தேதி இருந்தது, அளவு இருந்தது. பதினோரு பதிவில் ஒன்றும் திறக்கவில்லை. எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது, என் கடையில் தினமும் பார்க்கிற விஷயம்தானே. ஆனால் அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன்" என்று பொய் சொன்னேன்.

அழிந்த ஃபைல்களை எடுத்துக் கொடுக்கிற கடை ஒன்று டவுனில் இருக்கிறது. மறுநாள் அண்ணனோடு போனேன். பென்டிரைவையும் பழைய கைப்பேசியையும் கொடுத்தோம். கைப்பேசியில் அழித்த இடத்தின் மேல் அதற்குப் பிறகு எடுத்த படங்கள் ஏறிவிட்டன. பென்டிரைவைப் பிரித்து உள்ளே இருந்த சில்லைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு அந்தக் கடைக்காரர் தலையை ஆட்டினார்.

"கொசோங், அண்ணே. ஒண்ணுமே இல்ல. அழிஞ்சி போயிருந்தா நான் எப்படியாச்சும் எடுத்துருவேன். இதுல எழுதவே இல்ல. இடம் இருக்குன்னு பொய் சொல்லியிருக்கு. கேட்லாக்கும் அந்தச் சின்ன கிளிப்பும் உள்ளே போனதோட இடம் முடிஞ்சிருச்சு."

அண்ணன் நோட்டில் எழுதி நீட்டினார். 'இது சாம்பிள்.'

"யாரோ உங்களை ஏமாத்திட்டாங்க" என்றார் கடைக்காரர்.

திரும்பி வந்ததும் நோர்மா முன்னால் அந்தப் பென்டிரைவை வைத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சை ஸ்டிக்கரின் ஓரம் சுருண்டிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாஸ், இது அந்த வீடமைப்புக் கம்பெனி ஆர்டர். ஐந்நூறு. ஒண்ணுல லைட்டு எரியல, லாரி வெளியே நிக்குது. நீங்கதான் சாம்பிளைப் போட்டு அனுப்புன்னு சொன்னீங்க. நீங்களே ஸ்டிக்கரை உரிச்சீங்க. அப்புறம் சப்ளையர் பதிலுக்கு ஒண்ணு அனுப்பினான்ல, அதுல ஒட்டி லாச்சியில வச்சீங்க. நீங்க எதுல ரெக்கார்டு போடுறீங்கன்னு எனக்குத் தெரியாது பாஸ். தெரிஞ்சா சொல்லியிருப்பேன்."

அவள் சொல்வது உண்மைதான். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் சாம்பிளைத் தூக்கிப் போட்டுச் சரிக்கட்டுவது அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது. லாச்சி காலியாக இருந்தால் கம்பெனிக்காரர் வந்து கேட்கும்போது தலைவலி என்று, பிறகு வருகிற ஒன்றில் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டிவிடுவார்கள். நூறு தடவை செய்த வேலையை யார் நினைவில் வைத்திருப்பார்? அண்ணன் ஸ்டிக்கரின் சுருண்ட ஓரத்தை விரலால் அழுத்தினார். பிறகு நோட்டில் 'நான்தான்' என்று எழுதி, நோர்மாவின் பக்கம் திருப்பி வைத்தார். அவள் அழுத அழுகையைக் கேட்டு எதிர்க்கடைக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் அனுப்பியதுதானே, இப்போது வீட்டுக்கு வந்திருக்கிறது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்தக் காலேஜ் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். அடுத்த நிமிஷம் அப்படி நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன். மனுஷன் வாய்விட்டு அழக்கூட முடியாமல் கழுத்து ஓட்டை வழியாக மூச்சிரைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று வாரம் போயிற்று. அந்த வீடமைப்புக் கம்பெனியிலிருந்து நோர்மாவுக்குப் போன் வந்தது. ஸ்டோரைக் காலி செய்கிறார்களாம். வீடு விற்பனை விழாவில் கொடுத்தது போக மிச்சமிருக்கும் பென்டிரைவுகளை எடுத்துக்கொள்கிறீர்களா, இல்லை குப்பையில் போடவா என்று கேட்டார்கள். அண்ணன் உடனே கிளம்பினார், நானும் வேனில் போனேன். மூன்று பெட்டிகள். ஐந்நூறில் முந்நூறுக்கு மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தன. ஒரு நாள் கூத்துக்காகச் செய்து, அச்சடித்து, உறை போட்டு, யாரும் சீண்டாமல் கிடந்தவை.

மறுநாளிலிருந்து அவர் ஒவ்வொன்றாக உறையைக் கிழித்துச் சொருக ஆரம்பித்தார். இப்போது விளக்கைப் பார்க்கவில்லை. பெரிய வீடியோ ஒன்றை உள்ளே போட்டு, எடுத்து, மறுபடி சொருகி, ஓடுகிறதா என்று கடைசிவரை பார்த்தார். முப்பது வருஷத்தில் அந்தக் கடையில் ஒரு சரக்கை ஒழுங்காகச் சோதித்தது அப்போதுதான். ஒன்றுகூட ஓடவில்லை. ஓடாதது வலது பக்கம் குவிந்தது.

"எதுக்குண்ணே இது? அந்தச் சாம்பிள் கிடைச்சாலும் அதுல உங்க கொரல் இல்லையே" என்றேன்.

எழுதினார். 'நல்லது ஒண்ணு இருக்கு.'

மெஷினைப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் சுவரைத் தட்டினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். திரையில் வீடியோ கடைசிவரை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது பெட்டியின் அடியில், உறை பிரிக்காமல் இருந்ததாம். ஐந்நூறில் உண்மை சொன்ன அந்த ஒன்றை யாரும் வாங்கிக்கொண்டுகூடப் போகவில்லை. அண்ணன் அதைச் சட்டையில் துடைத்து மேசையில் வைத்தார். பிறகு பழைய பென்டிரைவிலிருந்து அந்த ஒன்பது விநாடிப் பதிவை எடுத்து அதில் போட்டார். திறந்து பார்த்தார், திரும்பவும் திறந்து பார்த்தார். அது ஓடிற்று. பச்சை ஸ்டிக்கர் ஒட்டவில்லை. அதன் பிறகு பென்டிரைவு ஆர்டர் எதையும் அவர் எடுக்கவில்லை.

காமாரியா ஒருநாள் என் கடைக்கு வந்தாள்.

"அங்கிள், அத்தா சொன்ன பாங்கை நீங்க கேட்டீங்களாமே. நோட்டுல எழுதிக் காட்டுச்சு. எப்படி இருந்துச்சு?"

ரெண்டு இடத்துல மூச்சு வாங்கினாரும்மா, திரும்ப முதல்லேர்ந்து சொன்னாரும்மா என்றேன். ரொம்ப மெதுவா சொன்னாரும்மா என்றேன். அவள் அம்மாவைப் பற்றி என்ன சொன்னார் என்றும் கேட்டாள். அதை அண்ணன் நோட்டில் எழுதித் தரலாமே என்றேன். எழுத உட்கார்ந்தாராம், இரண்டு வரிக்கு மேல் போகவில்லையாம்.

நோன்புப் பெருநாளுக்குச் செபராங் ஜெயா போயிருந்தேன். ஐனாவுக்கு ஐந்து மாதம், நல்ல கொழுகொழுவென்று இருந்தாள். சுல்தான் அண்ணன் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு தரையில் பாய் மேல் உட்கார்ந்திருந்தார், பேத்தி அவர் முன்னால் குப்புறக் கிடந்தாள். காமாரியா அந்தப் பென்டிரைவைத் தொலைக்காட்சியில் சொருகினாள்.

"தினமும் போடுறேன் அங்கிள். இது வந்தாத்தான் பால் இறங்குது இவளுக்கு."

"லைட்டு எரியுதா? நோர்மா, லைட்டு எரியுதா? எரிஞ்சா போதும்லா, பெட்டியில போடு!"

ஐனா தலையைத் தூக்கினாள். குரல் வந்த திசையைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள், தொலைக்காட்சியை நோக்கிக் கையை நீட்டினாள்.

"நன்னாதான் அது. இங்க பாரு, நன்னா இங்க இருக்காங்க" என்று காமாரியா குழந்தையின் முகத்தைத் தாத்தா பக்கம் திருப்பினாள்.

அண்ணன் வாயைத் திறந்து "ஐனா" என்றார். உதடு மட்டும் அசைந்தது. குழந்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, குரல் எங்கே போயிற்று என்று தேடித் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குரல் நின்றுபோனதால் முகம் கோணியது. அழப் போகிறாள் என்று தெரிந்ததும் சுல்தான் அண்ணன் ரிமோட்டை எடுத்து மறுபடியும் போட்டார்.